டிக்சன் வீதிக்கு ஒருமுறை சாப்பிட வாருங்கள்: ரொறன்ரோவின் ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் ஸ்காபரோவில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வசிப்பவள். உங்களில் ஒரு சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். கோடை ஒன்றுகூடல்களுக்கு இடியப்பமும் சம்பலும் செய்து கொண்டு வந்திருக்கிறேன். கலைவிழா நாட்களில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்திருக்கிறேன். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட நீங்கள் பணம் சேர்த்தபோதெல்லாம் என்னால் இயன்றதைத் தந்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு நிர்வாக சபைக் கூட்டம். ஆண்டிறுதி இராப்போசனத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. வழக்கமான விருந்து மண்டபமா, வழக்கமான சீன உணவகமா என்று முடிவாகும் தறுவாயில் நான் கையை உயர்த்தினேன். நகரின் மேற்கே எற்றோபிக்கோவில் டிக்சன் வீதிப் பக்கம் நல்ல சோமாலிய உணவகங்கள் இருக்கின்றன, இந்த முறை அங்கே போவோமா என்று கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருவர், "அந்தப் பக்கம் இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்றார். இன்னொருவர், "சோமாலியர் என்றாலே வில்லங்கம்" என்றார். மேசையைச் சுற்றியிருந்தவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. சீன உணவகம் என்று ஏகமனதாக முடிவானது.

அன்று பேசாமல் இருந்ததற்காக வெட்கப்படுகிறேன். எந்தச் சங்கம், பேசியவர் யார் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதே வார்த்தைகளைத் திருமண வீடுகளிலும் செத்தவீடுகளிலும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும் கார்களிலும் கேட்டிருக்கிறேன். ஆகவே இது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான மடல்.

நான் 1994-இல் கனடா வந்தேன். வந்த மூன்றாவது மாதம் றெக்ஸ்டேலில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும் வேலை. எனக்கு எதிரே நின்று பெட்டிகளுக்கு நாடா ஒட்டியவர் சோமாலியத் தலைநகர் மொகடிஷுவிலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை. இடைவேளையில் நான் என் சோற்றுப் பெட்டியைத் திறந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, முள்ளுக்கரண்டியால் கறிச்சோற்றைக் கிண்டிக்கொண்டிருப்பேன். அவர் அதைப் பல நாள் கவனித்திருக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பழைய கடைத்தொகுதியில், பணம் அனுப்பும் கடைக்கும் துணிக்கடைக்கும் இடையில், ஓர் உணவகம். நள்ளிரவு நெருங்கியும் உள்ளே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பாதிப் பேர் டாக்சி ஓட்டுநர்கள். பியர்சன் விமான நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"சோ டவோ" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. நல்வரவு என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். நேர்ப்பொருள் பார்த்தால் "கிட்ட வா" என்பதுதான் என்று என் தோழி பிறகு சொன்னார்.

அந்தக் கூடத்தில் முதலில் என் கண்ணில் பட்டது கைகழுவும் தொட்டி. கழிவறைக்குள் ஒளித்து வைக்காமல், சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, சவர்க்காரத்துடன் இருந்தது, யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக் கடைகளில் இருப்பதைப் போலவே. எல்லோரும் கையைக் கழுவிவிட்டு வந்து கையால் சாப்பிட்டார்கள். கனடா வந்தபின் வீட்டுக்கு வெளியே நான் கையால் சாப்பிட்டது அன்றுதான். அந்தச் சோற்றின் சூடு விரல் நுனியில் பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோழி ஒன்றும் கேட்கவில்லை. தட்டை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

என்ன சாப்பிட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். போகாமலேயே வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

உட்கார்ந்ததும், கேட்காமலே, ஒரு கிண்ணத்தில் சூப் வரும். ஆட்டெலும்பை நெடுநேரம் அவித்த தெளிந்த சாறு, பக்கத்தில் ஒரு துண்டு தேசிக்காய். மரக் என்பது அதன் பெயர். சைவ உணவுக்காரர்கள் பெயரைக் கேட்டு மரக்கறி என்று எண்ணிவிட வேண்டாம். பிறகு சோறு. பரீஸ் என்பார்கள். இறைச்சி அவிந்த சாற்றிலேயே நீண்ட அரிசியை வேகவைத்து, சில பருக்கைகள் செம்மஞ்சளும் சில வெள்ளையுமாக, மேலே பொரித்த வெங்காயமும் உலர்ந்த திராட்சையும் தூவி வரும். அதன்மேல் ஹிலிப் அரி, அதாவது ஆட்டிறைச்சி. முதலில் எலும்போடு மெதுவாக அவித்து, பிறகு மேற்புறம் சிவக்கும்வரை வாட்டுவார்கள். விரலால் தொட்டாலே எலும்பிலிருந்து கழன்று வரும். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைப்பவர்களுக்கு அந்தப் பதம் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

மணத்துக்கு ஹவாஷ் என்ற கூட்டுத்தூள் போடுகிறார்கள். சீரகம், மல்லி, மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, மஞ்சள். நம் கறித்தூளில் இருப்பவை பலவும் அதில் இருக்கின்றன. மிளகாய் மட்டும் இல்லை. அதனால் சோறும் இறைச்சியும் காரமின்றி, வாசனையோடு நாக்கில் இறங்கும். காரம் தனிக் கிண்ணத்தில் வரும். பச்சை மிளகாய், மல்லித்தழை, உள்ளி, தேசிப்புளி சேர்த்து அரைத்த பஸ்பாஸ். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் அம்மா அரைத்த பச்சை மிளகாய்ச் சம்பல் என்றே சொல்வேன். காரம் வேண்டாத குழந்தைக்கும் காரமில்லாமல் சோறு இறங்காத தாத்தாவுக்கும் ஒரே தட்டில் இடம் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நம் சமையலறைகளும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

தட்டின் ஓரத்தில் தோலோடு ஒரு முழு வாழைப்பழம் வரும். சாப்பாட்டுக்குப் பின் தின்பதற்கு என்று எண்ணி நான் எடுத்து ஒதுக்கி வைத்தேன். தோழி அதை உரித்து, ஒரு துண்டைக் கிள்ளி, சோற்றோடும் இறைச்சியோடும் சேர்த்து உருட்டி வாயில் போட்டுக் காட்டினார். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும், அவர் சிரித்தார். பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. புட்டுக்குக் கதலிப்பழம் பிசைந்து சாப்பிடுபவர்கள் நாங்கள். மாம்பழக் காலத்தில் புட்டும் மாம்பழமும்தான் எங்கள் காலைச் சாப்பாடு. சோற்றோடு பழமா என்று கேட்க எனக்கு என்ன இருக்கிறது?

அந்தப் பழத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தெற்குச் சோமாலியாவின் ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் இத்தாலியர் ஆட்சிக் காலத்தில் பெரிய வாழைத் தோட்டங்கள் எழுந்தன. உள்நாட்டுப் போர் வரும்வரை அங்கிருந்து இத்தாலிக்குக் கப்பல் கப்பலாக வாழைப்பழம் போனது. இத்தாலியர் விட்டுச் சென்றது பாஸ்தோ, அதாவது பாஸ்தா. இத்தாலியச் சொல்லும் பண்டமும் சேர்ந்தே தங்கிவிட்டன. அதற்கு ஊற்றும் சூகோ என்ற குழம்பில் ஹவாஷ் போட்டு, கையால் உருட்டி, அதற்கும் வாழைப்பழம் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். பாண் என்ற சொல்லைப் போர்த்துக்கேயரிடம் வாங்கி, அதைச் சம்பலோடும் பருப்போடும் சேர்த்து நம்முடையதாக்கிக்கொண்ட நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. பாதித் தட்டில் சோறும் பாதித் தட்டில் பாஸ்தோவுமாக ஒரு சாப்பாடு உண்டு. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபெடரேஷன். கூட்டாட்சி! அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு ஏமாந்த ஒரு மக்கள் கூட்டத்தைச் சேர்ந்த எனக்கு, அது ஒரு தட்டில் சண்டையில்லாமல் பரிமாறப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கடைசியில் ஷாஹ் என்ற தேநீர். ஏலமும் கறுவாவும் இஞ்சியும் போட்டுப் பாலோடு காய்ச்சியது. இரவு பன்னிரண்டரை மணிக்கு அதைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் என் தோழி தன் பிள்ளைகளைப் பற்றி முதன்முதலாகச் சொன்னார்.

மூன்று பிள்ளைகள். நைரோபியில் பாட்டியோடு இருந்தார்கள். அகதி என்று கனடா அவரை 1993-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அகதியாக ஏற்கப்பட்டவர்களும் முறையான அடையாளப் பத்திரம் காட்டினால்தான் நிரந்தர வதிவுரிமை. அது இல்லாமல் பிள்ளைகளை அழைக்க முடியாது. அவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்? 1991 ஜனவரியில் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் அரசு வீழ்ந்தபின் அந்த நாட்டில் கடவுச்சீட்டு கொடுக்க ஓர் அலுவலகம்கூட இல்லை. என் கைப்பையில் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சோதனைச் சாவடிகளில் நீட்டி நீட்டி மூலை தேய்ந்த அடையாள அட்டை இருந்தது. என்னை வதைத்த அரசு தந்த அட்டைதான். ஆனாலும் அது இருந்ததால் என் கோப்பு நகர்ந்தது. அவரிடம் அது இல்லாததால் அவருடைய கோப்பு நகரவில்லை. 1997-இல் சோமாலியருக்கும் ஆப்கானியருக்குமாக ஒரு தனி வகுப்பை உருவாக்கினார்கள். பத்திரம் இல்லாதவர்கள் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தபின் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அவருடைய மூத்த மகன் 2000-ஆம் ஆண்டு பியர்சனில் வந்து இறங்கியபோது தாயைவிட உயரமாக இருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். யார் இவர் என்பது போல அந்தப் பையன் தன் தாயை வெறித்துப் பார்த்த பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அவருடைய பிள்ளைகள் என்னை ஹபர்யர் என்று அழைக்கிறார்கள். அம்மாவின் சகோதரி என்று பொருள். சொல்லைப் பிரித்தால் ஹபர் என்பது தாய், யர் என்பது சிறிய. சின்னம்மா! அம்மாவின் சகோதரனுக்கு அப்தி, அப்பாவின் சகோதரனுக்கு அதேர் என்று வெவ்வேறு சொற்கள். மாமாவையும் சித்தப்பாவையும் ஒரே சொல்லில் அடக்கும் ஆங்கிலத்தோடு நம் பிள்ளைகள் படும் பாட்டை அவர்களுடைய பிள்ளைகளும் படுகிறார்கள்.

இப்போது அந்தக் கூட்டத்தில் கேட்ட வார்த்தைக்கு வருகிறேன். சோமாலியர் என்றால் வில்லங்கம்.

எங்களைப் பற்றி இந்த நாடு என்ன பேசியது என்பதை நாம் மறந்துவிட்டோமா? 1986 ஆகஸ்ட்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கரை சேர்த்தார்கள். அவர்களை வரவேற்றவர்கள் இருந்தார்கள், திருப்பி அனுப்பு என்று கத்தியவர்களும் இருந்தார்கள். 2010-இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது அதே கூச்சல் இன்னும் பலமாகக் கேட்டது. தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பையன் நாலு நண்பர்களோடு டோனட் கடை வாசலில் நின்றாலே வன்முறைக் குழு என்றார்கள். நம்மில் பலருடைய பிள்ளைகள் அந்தப் பெயரைச் சுமந்து பள்ளிக்கூடம் போனார்கள். அதே காலத்தில் டிக்சன் வீதியின் உயர்ந்த தொடர்மாடிகளில் வளர்ந்த சோமாலியப் பிள்ளைகள் அதே பெயரைச் சுமந்தார்கள். 2013 ஜூன் 13 அதிகாலையில் அந்தத் தொடர்மாடிகளில் பொலிஸார் பெரும் தேடுதல் நடத்தினார்கள். கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மறுநாள் என் தோழி தொலைபேசியில் நடந்ததை விவரித்தபோது எனக்கு மனதில் எழுந்தது ஒரே தமிழ்ச் சொல்: சுற்றிவளைப்பு. அந்தச் சொல்லை நம்மில் யாருக்கு விளக்க வேண்டும்? குற்றம் செய்தவர்கள் அங்கே இருந்திருக்கலாம், எல்லா இடத்திலும் இருப்பதைப் போல. ஆனால் அதற்காக ஒரு வீதி முழுவதையும், ஒரு மக்கள் முழுவதையும் அந்தக் கணக்கில் எழுதுவது நமக்குச் செய்யப்பட்ட அநியாயம். அதை நாம் வாங்கி இன்னொருவர் தலையில் வைக்கக் கூடாது.

1988-இல் வடக்குச் சோமாலியாவின் ஹர்கெய்சா நகரின் மேல் குண்டு போட்டவை வேற்று நாட்டு விமானங்கள் அல்ல. சொந்த அரசின் விமானங்கள், அந்த நகரத்தின் விமான நிலையத்திலிருந்தே கிளம்பி அந்த நகரத்தையே அழித்தன. இதைக் கேட்டதும் "அப்படியும் நடக்குமா?" என்று கேட்காதவர்கள் இந்த ரொறன்ரோவில் யார் என்று எண்ணிப் பாருங்கள். பதுங்குகுழிக்குள் இருந்து வானத்தைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவு இருந்தும் 401 நெடுஞ்சாலையின் இரு முனைகளில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒருவரை ஒருவர் அறியாமல் இருக்கிறோம். நாம் ஸ்காபரோவில் நமக்கென ஒரு சமூக மையம் வேண்டும் என்று பாடுபடுகிறோம். அவர்களும் எற்றோபிக்கோவில் தங்களுக்கென ஒன்று வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். மாநகர சபையின் படிகளில் தனித்தனியாக ஏறி இறங்குகிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. மாநாடு வேண்டாம், புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டாம், மேடையில் பொன்னாடை வேண்டாம். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தை ஒரு சோமாலிய உணவகத்தில் வையுங்கள். வருடத்தில் ஒருமுறை போதும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்; அங்கே மது பரிமாற மாட்டார்கள், பல இடங்களில் குடும்பங்களுக்குத் தனிப் பகுதி இருக்கும். கோடை ஒன்றுகூடலுக்கு நூறு ரோல்ஸ் சொல்லும் இடத்தில் ஐம்பது ரோல்ஸும் ஐம்பது சம்பூஸும் சொல்லுங்கள். நம் சமோசாவின் உறவுதான்; மெல்லிய மாவு, உள்ளே வெங்காயத்தோடு அரைத்த இறைச்சி. அதைச் செய்து விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் அங்கே இருக்கிறார்கள், நம்மிடம் இடியப்பம் அவித்து விற்றுப் படிக்க வைத்தவர்கள் இருப்பதைப் போல.

மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் தயங்க வேண்டாம். ஆடும் கோழியும் மீனும் எப்போதும் உண்டு, எது எது என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். சைவர்களுக்கு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய சோறு பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வேகிறது. வெள்ளையாகத் தெரிகிறதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலை வேளையில் போனால் அன்ஜேரோ கிடைக்கும். புளிக்கவைத்த மாவைக் கரண்டியின் அடியால் சுழற்றி ஊற்றி, ஒருபக்கம் மட்டும் வேகவைப்பது. மேலெல்லாம் சிறு சிறு கண் விழுந்திருக்கும். நெய்யும் சீனியும் போட்டு, தேநீரோடு சாப்பிட்டுப் பாருங்கள். தோசையையும் அப்பத்தையும் அறிந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. சபாயத் என்ற ரொட்டியும் உண்டு. அம்பூலோ என்று பயற்றினத்தில் ஒன்றை நெடுநேரம் அவித்து, நல்லெண்ணெயும் சீனியும் சேர்ப்பார்கள்; எல்லாக் கடைகளிலும் இருக்காது, இருந்தால் விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடிந்து கூட்டம் அலைமோதும். அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இருபது பேர் வருவதென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆட்டிறைச்சி தீர்ந்துவிடும். ஒரு தட்டு இருவருக்குப் போதும். ஆளுக்கொரு தட்டு சொல்லி மிச்சம் வைக்க வேண்டாம். கார் இல்லாதவர்கள் லோறன்ஸ் வெஸ்ற் சுரங்க ரயில் நிலையத்தில் 52-ஆம் இலக்க பஸ் எடுத்தால் டிக்சன் வீதியிலேயே இறங்கலாம். யாராவது வழிகாட்டியாக வேண்டுமென்றால் நான் வருகிறேன். என் தோழி இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், முழங்கால் வலி, ஆனாலும் தமிழர்கள் வருகிறார்கள் என்றால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எந்தத் தேதி வசதி என்று மட்டும் எழுதுங்கள்.

தட்டில் வாழைப்பழம் வந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஓர் ஆயுள் உறுப்பினர்